மாரடைப்புக்குப் பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்ட அவநம்பிக்கை: அது இதயத்தையும் பாதிக்குமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 63 வயது. நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆடி மாதம் அவருக்கு மாரடைப்பு வந்தது. உடனே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இதய மருத்துவர், ஆபத்தான கட்டம் கடந்துவிட்டது, மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு மெல்ல நடக்கத் தொடங்கலாம் என்று தெளிவாகவே சொன்னார்.

ஆனால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த இடத்தில் யாரோ "பம்பிங் 45 சதவீதம்தான் இருக்கிறது" என்று சொன்ன ஒரு வாக்கியம் மட்டுமே அப்பாவின் மனதில் தங்கிவிட்டது. "பாதி இதயம் செத்துவிட்டது, மீதி எத்தனை நாளுக்கு வரும்" என்பதே அவர் பேச்சு. காலை நடைக்குப் போவதில்லை. மாடிப்படி ஏறுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போய்வந்த கோயிலுக்கும் இப்போது போவதில்லை. நள்ளிரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்.

பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: கெட்டதையே நினைத்தால் கெட்டதுதான் நடக்கும், நல்லதை மட்டும் நினையுங்கள் என்று. என் அத்தை ஒரு படி மேலே போய், "அபசகுனமாகப் பேசாதே அண்ணா, ததாஸ்து தேவதைகள் காதில் விழுந்தால் அப்படியே ஆகிவிடும்" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அப்பா வெளியே சொல்வதைக் குறைத்துக்கொண்டார், ஆனால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இப்படி நினைத்துக்கொண்டே இருப்பது உண்மையில் இதயத்தைப் பாதிக்குமா, அல்லது இது நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பேச்சா? பாதிக்கும் என்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? "நினைக்காதீர்கள்" என்று சொல்லிப் பார்த்ததில் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

செங்காந்தள்:

நண்பரே, உங்கள் தந்தை விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். மனம்தான் உடலை ஆள்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் தாய்மாமனுக்குப் புற்றுநோய் வந்தபோது, "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று நாள்தோறும் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பல ஆண்டுகள் கடந்தும் நன்றாக இருக்கிறார். உங்கள் தந்தையையும் காலையில் எழுந்தவுடன் "என் இதயம் வலிமையாக இருக்கிறது" என்று சொல்லச் செய்யுங்கள். எதிர்மறை எண்ணத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. அந்த உறுதி இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

தேனி மருத்துவர்:

வைகைக்கரை அவர்களுக்கு: உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, பாதிக்கும் என்பதே. ஆனால் எந்த வழியாகப் பாதிக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்பது விளங்கும். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நான்சி ஃப்ராசூர்-ஸ்மித் என்ற ஆய்வாளரின் குழு, 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்கண்டு, அவர்களில் யாருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆறு மாதங்கள் பின்தொடர்ந்தது. மனச்சோர்வு இருந்தவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு, இதயம் எவ்வளவு சேதமடைந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதே திசையைக் காட்டியதால், 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாகக் கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இது எப்படி நடக்கிறது? ஒரு வழி நேரடியானது. அச்சமும் கவலையும் தணியாமல் நீடிக்கும்போது அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் அவற்றுக்குரிய அளவுக்கு மேல் நீண்ட நேரம் இரத்தத்தில் இருக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆபத்து வரும்போது தப்பி ஓடுவதற்காக உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. ஓட வேண்டிய தேவையே இல்லாமல் படுக்கையில் கிடக்கும் மனிதருக்குள் இரவெல்லாம் இது நடந்துகொண்டிருந்தால், ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்கு அது கூடுதல் சுமை.

இன்னொரு வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில், நிலையான இதய நோய் உள்ள 1,017 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து மேரி வூலி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. மனச்சோர்வு இருந்தவர்களுக்கு மீண்டும் இதயப் பாதிப்பு வருவது அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் உடலை அசைத்தார்களா, மாத்திரை சரியாகச் சாப்பிட்டார்களா, புகைபிடித்தார்களா என்பனவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அவற்றுள் முதன்மையாக நின்றது உடலுழைப்பு இல்லாமைதான். அதாவது, துயர எண்ணம் இதயத்தை எட்டிய முக்கியமான பாதை, அது அந்த மனிதரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது என்பது.

ஆகவே உங்கள் பதிவில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது "பாதி இதயம் செத்துவிட்டது" என்ற வாக்கியத்தைவிட, அதற்கு அடுத்து நீங்கள் எழுதிய வரிகளே: நடப்பதில்லை, படி ஏறுவதில்லை, தூங்குவதில்லை.

செங்காந்தள் அவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ தனிமையோ இருந்த 2,481 பேரில் ஒரு பகுதியினருக்கு உளவியல் பேச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பேராய்வு ஒன்றின் முடிவு 2003இல் வந்தது. சிகிச்சை பெற்றவர்களின் மனநிலை ஓரளவு மேம்பட்டது. ஆனால் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. மனநிலையைச் சீராக்குவது அதனளவிலேயே மிகப் பெரிய நன்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மனதைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று ஒரு நோயாளியிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இறுதியாக, அந்த 45 சதவீதம். எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இந்த எண் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அல்ல. முழு நலமுள்ள இதயம்கூட, தன் அறையில் நிரம்பிய இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம் வரை வெளியேற்றினால் அது இயல்பு. அப்படியானால் 45 என்பது சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பாதி இதயம் இறந்துவிட்டது என்று அதற்குப் பொருளே இல்லை. மேலும், மாரடைப்பு வந்த உடனே சில தசைகள் இறக்காமலேயே தற்காலிகமாக அசைவு குன்றி நிற்கும். சில வாரங்களில் அவற்றுள் பல மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். சில மாதங்கள் கழித்து எக்கோவை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த விளக்கத்தை அப்பாவின் முன்னிலையில், அவருக்கே சொல்லும்படி கேளுங்கள். உங்களிடம் தனியாகச் சொன்னால் அவர் நம்பமாட்டார், ஏதோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

அல்லி:

இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், செங்காந்தள் அவர்களின் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கணவர் வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவர் கடைசி வரை நம்பிக்கையோடுதான் இருந்தார். கதிர்வீச்சுக்குப் போய்வந்து, விழுங்க முடியாத நிலையிலும் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் நிரப்பினார். அப்படிப்பட்டவரைப் பற்றி, துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "உள்ளுக்குள் மனம் விட்டிருப்பார், அதனால்தான்" என்று என்னிடமே சொன்னார். மனவுறுதியால் பிழைத்தார்கள் என்று சிலரைப் பற்றிச் சொல்லும்போது, பிழைக்காதவர்களுக்கு மனவுறுதி இல்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

இதைப் பற்றி ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,093 பேரின் மனநலத்தை அளந்து, பிறகு யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். அவர்களில் 646 பேர் ஆய்வுக் காலத்தில் இறந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தவர்களுக்கும் மனம் வாடியிருந்தவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. இதைப் படித்தபோது நான் அழுதேன். அது துயரத்தால் வந்த அழுகை அல்ல, யாரோ என் கணவர் மேலிருந்த பழியைத் துடைத்துவிட்டது போன்ற நிம்மதி.

வைகைக்கரை, உங்கள் அப்பாவுக்குப் பயப்படவும் உரிமை உண்டு. அவர் மரணத்தை மிக அருகில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

செங்காந்தள்:

அல்லி அம்மா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். யாரையும் பழிசொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் மனம் உடலைத் தொடவே தொடாது என்று முடிவுகட்டிவிடவும் என்னால் இயலவில்லை. கவலையில் இருக்கும்போது அடிக்கடி சளி பிடிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு வயிறு கெடுவதையும் பார்க்கிறோம். இவையெல்லாம் வெறும் நம்பிக்கைதானா? துறையறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

கார்த்திகைப்பூ:

நான் மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றுகிறேன். செங்காந்தள் கேட்டது நியாயமான கேள்வி, அது வெறும் நம்பிக்கை அல்ல. 1991இல் ஷெல்டன் கோஹன் தலைமையில் வந்த ஓர் ஆய்வில், நலமாக இருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமி கலந்த சொட்டுகளை விட்டுப் பார்த்தார்கள். முன்கூட்டியே அளந்திருந்த மன அழுத்தம் யாருக்கு அதிகமாக இருந்ததோ, அவர்களுக்குத் தொற்றும் சளியும் படிப்படியாக அதிகமாக வந்தன. எல்லோருக்கும் கிருமி நேராக மூக்கிலேயே விடப்பட்டது என்பதால், வேறுபாடு உடலின் எதிர்ப்பாற்றலில்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே மனம் உடலைத் தொடுகிறது. ஆனால் சளியைத் தொடுகிற அளவுக்குப் புற்றுக்கட்டியையும் தொடும் என்று அங்கிருந்து தாவிவிட முடியாது. ஒவ்வொரு நோயையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வைகைக்கரையின் தந்தைக்கு வருகிறேன். கெட்ட எண்ணம் ஒன்று மனதில் வந்துபோவதற்கும், அந்த ஒரே எண்ணத்தை விடிய விடிய அசைபோடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் சூசன் நோலன்-ஹோக்செமா. அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது மாணவர்களின் மனநிலையையும், வருத்தம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் ஒரு படிவத்தில் பதிவுசெய்திருந்தார். இரண்டு வாரங்கள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதே மாணவர்களை மீண்டும் அளந்து பார்த்தார். நிலநடுக்கத்துக்கு முன்பே வருத்தத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் புழுங்கும் வழக்கம் உடையவர்களாக இருந்தவர்களுக்குத்தான் ஏழு வாரங்களுக்குப் பிறகும் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நடந்த அதிர்ச்சி எல்லோருக்கும் பொது. அதை மனதில் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதே வேறுபட்டது.

நெதர்லாந்தின் யோஸ் பிராஸ்ஷாட் குழுவினர் 2006இல் இதை உடலோடு இணைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். துன்பம் வந்த நேரத்தில் உயரும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அது முடிந்தவுடன் இறங்கிவிட வேண்டும். ஆனால் அதையே அசைபோட்டுக்கொண்டிருந்தால், முடிந்துபோன நிகழ்வு உடலுக்கு முடியாமல் நீள்கிறது. மருத்துவர் ஐயா சொன்ன அந்த "இரவெல்லாம்" என்பதன் காரணம் இதுதான்.

அப்படியானால் நினைக்காதே என்று சொன்னால் என்ன என்று தோன்றும். 1987இல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்தத் தடையை எடுத்த பிறகு, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் கரடியை அதிகமாக நினைத்தார்கள். உங்கள் அத்தை அன்பினால்தான் சொல்கிறார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாயால் சொல்லக்கூட இடமில்லாத பயம், இரவு இரண்டு மணிக்குத்தான் வெளியே வரும்.

"என் இதயம் வலிமையாக இருக்கிறது" என்று தினமும் சொல்லச் சொல்வதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நம்பாத ஒன்றைத் தன்னிடமே திரும்பத் திரும்பச் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் மனம் அதற்கு எதிர்வாதத்தை எடுத்து வைக்கும்.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்வது இரண்டு. பயத்தை முழு வாக்கியமாகச் சொல்ல வைத்து, அதை ஆராய்வது முதலாவது. "எனக்கு என்னவோ ஆகிவிடும்" என்பதோடு விடக் கூடாது. "நடந்தால் ஸ்டென்ட் நழுவிவிடும்" என்பதுபோல் குறிப்பாகச் சொன்னால்தான், அது உண்மையா என்று மருத்துவரிடம் கேட்க முடியும். 1960களில் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான்: எண்ணத்தை அடக்குவதை விடுத்து, கருதுகோளைப்போல் சோதித்துப் பார்ப்பது. இரண்டாவது, மனம் தெளிந்த பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், செயலை முதலில் தொடங்குவது. மனநிலை செயலைப் பின்தொடர்ந்து வரும், பெரும்பாலும் மெதுவாக.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கீத் பெட்ரி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். மாரடைப்பு வந்த 65 பேரில் ஒரு பகுதியினருக்கு, மருத்துவமனையில் இருக்கும்போதே, தன் நோயைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, தவறான எண்ணங்களைத் திருத்தும் சில உரையாடல்களை நடத்தினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக வேலைக்குத் திரும்பினார்கள், மூன்று மாதங்களுக்குப் பின் நெஞ்சுவலி இருப்பதாகச் சொன்னவர்களும் குறைவு. அதே குழுவினர் பின்னர் நோயாளிகளைத் தங்கள் இதயத்தை வரைந்து காட்டச் சொன்னார்கள். படத்தில் சேதத்தைப் பெரிதாக வரைந்தவர்கள் மீள்வதற்கு அதிக காலம் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவப் பரிசோதனை காட்டிய சேதத்தைவிட, அவர்கள் வரைந்த சேதமே மீட்சியை நன்றாக முன்னறிவித்தது. உங்கள் அப்பாவிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தால் அவர் என்ன வரைவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த 45 சதவீத விளக்கம் அவருக்கு நேரடியாகச் சொல்லப்பட வேண்டும் என்று மருத்துவர் எழுதியதை நான் இருமுறை வழிமொழிகிறேன்.

வைகைக்கரை:

அனைவருக்கும் என் நன்றி. இங்கே படித்த பிறகு அப்பாவிடம், "நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்" என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஆலையில் உடன் வேலை பார்த்த ஒருவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு கொஞ்ச நாளில் சாலையில் நடக்கும்போது விழுந்து இறந்ததைச் சொன்னார். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் தெரியவந்தது. கொழுப்பு மாத்திரை கால் தசையை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அவர் அந்த மாத்திரையை இரண்டு வாரமாகச் சாப்பிடவே இல்லை. சாப்பிட்டபோது கால் குடைச்சல் இருந்தது உண்மை என்று உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையான வலியா, பயத்தால் வந்த வலியா?

தேனி மருத்துவர்:

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பயத்தால் வந்த வலியும் உண்மையான வலிதான். இதை நோயாளியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தன்னைப் பொய்யர் என்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் இதை மிக நேர்த்தியாகச் சோதித்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேருக்கு 12 குப்பிகளைக் கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் உண்மையான மாத்திரை, நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, நான்கு வெற்றுக் குப்பிகள். தினமும் தங்கள் தொந்தரவின் அளவைக் கைப்பேசியில் பதிய வேண்டும். எதுவும் சாப்பிடாத மாதங்களில் தொந்தரவு குறைந்தது. உண்மை மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் கூடியது. போலி மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடியது. மருந்து கொடுத்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையாலும் வந்தது. தங்கள் பதிவுகளையே கண்ணால் பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டார்கள்.

மிக அரிதாக இந்த மாத்திரை தசையை உண்மையாகவே பாதிப்பதுண்டு. அதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கும் மாற்றலாம். தானாக நிறுத்துவதைத் தவிர எல்லா வழிகளும் இருக்கின்றன. அவர் மருத்துவரிடம் நாளைக்கே பேசுங்கள். இதைவிட அவசரமான கேள்வி ஒன்று: இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டாரா என்று இன்றே, இப்போதே பாருங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அவற்றை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டிலேயே அடைப்பு ஏற்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். எதிர்மறை எண்ணம் இதயத்தைத் தாக்கும் பாதை என்று நான் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, உங்கள் தந்தையின் வயதுக்கு அருகில்தான் எனக்கும் மாரடைப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னை யாரும் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. நான் எழுந்தால் இரண்டு பேர் பின்னால் வருவார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் காட்டிய ஒவ்வொரு அக்கறையையும் என் மனம் ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொண்டது: இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்று.

மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் மருத்துவர் என்னை டிரெட்மில்லில் ஏற்றினார். என் மனைவியை அருகிலேயே நிற்கச் சொன்னார். திரையில் துடிப்பு ஏறுவதையும், நிறுத்தியதும் இறங்குவதையும் இருவரும் பார்த்தோம். அன்று மாலையே நானாகக் கடைத்தெரு வரை நடந்தேன், அவளும் தடுக்கவில்லை. எத்தனை ஆறுதல் மொழிகள் சொன்னாலும் வராத தைரியம் அந்தச் சில நிமிடங்களில் வந்தது. உங்கள் மருத்துவர் அனுமதித்தால் இதற்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் தாயாரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

நிலாமுற்றம்:

நான் செவிலியர். இத்தனை பதிவுகளையும் படித்துவிட்டு ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அப்பா நள்ளிரவில் விழித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அம்மா தூங்குகிறார்களா? அவர்களைப் பற்றி இந்த இழையில் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

காரணத்தோடுதான் கேட்கிறேன். 1995இல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அவர்களுக்கு நிகரான வயதும் வசதியும் உள்ள வேறு 13 பெண்களையும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கையில் ஒரே அளவுள்ள மிகச் சிறிய காயத்தை ஏற்படுத்தி ஆறுவதைக் கவனித்தார். பராமரிப்பவர்களுக்கு அந்தக் காயம் ஆற சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆனது. நோயாளி அவர்கள் அல்ல. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

எங்கள் வார்டில் இதைத்தான் அன்றாடம் காண்கிறேன். கட்டிலில் இருப்பவரின் இரத்த அழுத்தத்தை நாளுக்கு நான்கு முறை பார்ப்போம். கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்குத் தலைசுற்றல் வந்து விழுந்த பிறகுதான், அவர் தன் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுப் பல நாளாகிறது என்று தெரியவரும். நம் பெண்கள் கவலையைக் கவலை என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்கிறவர்கள் ஒரு வலிநிவாரணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கார்த்திகைப்பூ:

நிலாமுற்றம் எழுதியது மிகச் சரி. 2015-16இல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலப் பாதிப்பு இருந்தவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர், பாதிப்பின் வகையைப் பொறுத்து, எந்தச் சிகிச்சையும் பெறாமல் இருந்தது தெரியவந்தது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வம் இல்லாமை, தூக்கமின்மை, பசியின்மை, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால், அது மனப்போக்கு என்ற எல்லையைத் தாண்டி நோயாகிவிட்டது. அறிவுரையால் அது தீராது. இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாதுகாப்பானவை என்று சோதிக்கப்பட்ட மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை இதய மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டு மனநல மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். "செத்தால் தேவலை" என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும் காத்திருக்க வேண்டாம். அப்படி ஓர் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது.

வைகைக்கரை:

இரத்தம் உறையாத மாத்திரைகளை அப்பா நிறுத்தவில்லை, பெட்டியை எண்ணிப் பார்த்துவிட்டேன். கொழுப்பு மாத்திரைக்காக மருத்துவரைப் பார்த்தோம். அளவைக் குறைத்து மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் தசைப் பாதிப்பு எதுவும் இல்லை. 45 சதவீதத்தை அப்பாவிடமே விளக்கச் சொன்னேன். மருத்துவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உடனே மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டு வாசலிலிருந்து பால் நிலையம் வரை என்னோடு நடந்து வருகிறார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்து அவருக்கும் மருந்து தொடங்கியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி. சில இரவுகளில் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது என்கிறார், எழுந்து உட்கார்ந்தால் தணிந்துவிடுகிறதாம். இதையெல்லாம் படித்த பிறகு அது பயத்தால் வருவது என்று நாங்களே எடுத்துக்கொள்ளலாமா?

தேனி மருத்துவர்:

கூடாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு வரும் நெஞ்சடைப்பை மனத்தின் வேலை என்று வீட்டில் இருப்பவர்கள் முடிவுசெய்யக் கூடாது. இந்த இழையில் நாம் பேசியவற்றை அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. படுத்தால் அடைத்து, எழுந்து உட்கார்ந்தால் தணிவது என்று நீங்கள் எழுதியிருப்பது, பதற்றத்தால் மட்டும் வருவது அல்ல. நுரையீரலில் நீர் தேங்கத் தொடங்கினாலும் அப்படித்தான் இருக்கும். கால் வீக்கம் இருக்கிறதா, ஒரே வாரத்தில் எடை கூடியிருக்கிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, நாளைக் காலையே இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, இதயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவர் உறுதிசெய்த பிறகே, பதற்றம் என்ற பேச்சுக்கு வர வேண்டும்.

அதற்கு முன் அடைப்பு தணியாமல் நீடித்தாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ சேர்ந்து வந்தாலோ, நேரம் எதுவானாலும் 108ஐ அழையுங்கள். இரு சக்கர வாகனத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவமனையிலிருந்து வந்தபோது கொடுத்த அறிக்கையையும் கதவருகே ஒரு பையில் எடுத்து வையுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.